மிரேயின் இடது இமை

தென் கொரியாவின் மொக்போ துறைமுகத்திலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலையில், தொடுகறிக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் மிரேயின் போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. முப்பது வருஷமாக ஊர்க்காரர்கள் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் அவள் முன்னால்தான் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் முதுகை நிமிர்த்தி, முகவாயை இறக்கி, மூச்சை அடக்கித் தயாராவதற்குள் மிரே மனசுக்குள் பாதி வேலையை முடித்துவிடுவாள். இந்த ஆளுக்கு வலது தோள் இறக்கம். இந்தப் பெண்ணுக்கு வாய் லேசாகக் கோணல். இவருக்கு ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. அதென்ன இவருக்கு மட்டும், எல்லாருக்குமே ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிதுதான். நமக்குத் தெரிவதில்லை, அவளுக்குத் தெரியும்.

படம் கம்ப்யூட்டருக்கு வந்ததும் சிறிய கண்ணைக் கொஞ்சம் தூக்குவாள், பெரிய கண்ணைக் கொஞ்சம் அமர்த்துவாள். ஒரு கோப்பை காபி கலக்கும் நேரம்கூட ஆகாது. வந்தவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். "ஐயே, இது நான் மாதிரியே இல்லையே" என்று வாய் சொல்லும். முகத்தில் பூரிப்பு தாங்காது. இதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்களும் ஊரில் உண்டு. அவர்களும் மகளுக்கு வேலை விண்ணப்பம் போடும்போது மிரேயிடம்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இந்தப் பழக்கம் கடையைச் சாத்தினாலும் போகாது. எங்காவது பெயர்ப்பலகை சாய்ந்திருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பக்கத்துத் தொடுகறிக் கடைக்காரியை அவளுடைய மகன் பெயரை வைத்துச் சூவொன் அம்மா என்று கூப்பிடுவார்கள். அந்தச் சூவொன் அம்மா கிம்ச்சி ஊறுகாய் டப்பாக்களை அடுக்கினால், போகிற போக்கில் ஒரு டப்பாவை விரலால் தள்ளி நேராக்கிவிட்டுத்தான் மிரே நகர்வாள்.

"அக்கா, நீங்க செத்துச் சொர்க்கத்துக்குப் போனா அங்க மேகத்தையெல்லாம் வரிசையா நிக்கச் சொல்லுவீங்க" என்பாள் சூவொன் அம்மா.

ஐம்பது தாண்டியதும் மிரேயின் மேல் இமைகள் இறங்கத் தொடங்கின. தோல் தொங்கி, கண்ணுக்குக் கூரை போட்ட மாதிரி ஆனது. காமிராவுக்குள் பார்க்க நெற்றியைத் தூக்கித் தூக்கி, சாயங்காலமானால் தலைவலி வரும். அதிகப்படித் தோலை வெட்டித் தைத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். மீன் சந்தையில் பாதிப் பெண்கள் செய்துகொண்டவர்கள்தான். தலைவலிக்காகத்தான் செய்துகொள்கிறேன் என்று மிரே எல்லாரிடமும் சொன்னாள். அது பொய் இல்லை, ஆனால் அது மட்டும் இல்லை. ஒருநாள் முதல் அடையாள அட்டைக்காகப் படம் எடுக்க வந்த பெண் ஒருத்தி, தன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "அந்த ஆன்ட்டி ஏம்மா நம்ம மேல கோவமா இருக்காங்க?" மிரே அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். அந்தக் கேள்வி அவளை உள்ளே போய்க் குத்தியது.

குவாங்ஜுவில் டாக்டர் பியன் என்பவரிடம் மார்ச் மாதக் குளிர் விடுவதற்கு முன்னால் போய் வந்தாள். தையல் போட்ட பிறகு அந்த மனிதர் நிதானமாகச் சொன்னார்: "வீக்கம் ரெண்டு பக்கமும் ஒண்ணா வராதும்மா, ஒண்ணாப் போகவும் போகாது. ஒரு பக்கம் சீக்கிரம் வடியும், ஒரு பக்கம் அடம்பிடிக்கும். மூணு மாசத்துக்கு நீங்க பார்க்கிறது உங்க கண்ணே இல்ல, வீக்கம். ஆறு மாசம் கழிச்சு என்ன இருக்கோ அதுதான் கண்ணு. அதுவரைக்கும் கண்ணாடியோட சண்டைக்குப் போகாதீங்க."

மிரே தலையாட்டினாள். 'நிமிர்ந்து உட்காருங்க' என்றால் ஸ்டூடியோவில் ஆட்கள் தலையாட்டிவிட்டு அப்படியே கூன்போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்தத் தலையாட்டல்.

முதல் வாரம் அவளுடைய ரெண்டு கண்ணும் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி இருந்தன. அவள் கணவன் தல்சு, மீன்படகுகளுக்குப் பனிக்கட்டி உடைத்துக் கொடுக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். பெண்டாட்டிக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் ஒரு மீன்பெட்டி நிறையப் பனிக்கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டான்.

"கண்ணு ரெண்டுதாங்க இருக்கு. கானாங்கெளுத்தியா வாங்கி வெச்சிருக்கோம்?" என்று கேட்டாள் மிரே.

"மிச்சத்தை நான் பீருக்குப் போட்டுக்கறேன்" என்றான் அவன். அன்றைக்குச் சிரித்ததில் அவளுக்குத் தையல் இழுத்தது.

சூவொன் அம்மா பரங்கிக்காயைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்து, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று கொண்டுவந்து கொடுத்தாள். வீக்கத்துக்கு அதைவிட்டால் மருந்தில்லை என்பது அவள் கட்சி. தலையணையை உயர்த்திவைத்துத் தூங்கச் சொன்னாள், நூடுல்ஸைத் தொடக் கூடாது என்றாள், கடற்கரைச் சாலையில் நடக்கச் சொன்னாள். சந்தைப் பெண்கள் ஆளுக்கொரு யோசனையோடு வந்து கடையில் எட்டிப்பார்த்தார்கள். என் நாத்தனாருக்கு வடிய ஒரு வருஷம் ஆச்சு என்று ஒருத்தி. எனக்கு ஒரு மாசத்துலயே போச்சு என்று இன்னொருத்தி. ரெண்டு பேருமே அவளுக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார்கள்.

கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்கிற ஆளை மொக்போ அப்போதுதான் பார்த்தது. படகு உரிமத்துக்குப் படம் எடுக்க வந்த கிழவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டிக் காட்டிக் கேட்டார்: "ஏம்மா, நான் தெரியறேனா?"

வலது கண்ணின் வீக்கம் செர்ரிப் பூக்கள் உதிர்வதற்குள் வடிந்துவிட்டது. மடிப்பு மெல்லிசாக, அழகாக உட்கார்ந்தது. இடது கண் மட்டும் வாடகைக்கு வந்து உட்கார்ந்த முரட்டு ஆள் மாதிரி காலி பண்ண மாட்டேன் என்றது. காலையில் உப்பும், சாயங்காலம் கொஞ்சம் அடங்கும், முதல்நாள் சாப்பாட்டில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் மறுநாள் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சூவொன் அம்மா ஒருநாள் சாறோடு வந்தவள், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு கண்ணு கடை தொறந்துடுச்சு. இன்னொண்ணு இன்னும் பாதி ஷட்டர்லயே இருக்குக்கா."

வேறு யாராவது இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். இல்லையென்றால் நாலு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பார்கள். மிரேயால் விட முடியவில்லை. அவள் தொழில் அப்படி. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் வாடிக்கையாளர் நாற்காலியில் அவளே போய் உட்காருவாள். அதே விளக்கு, அதே உயரம், முகவாய் அதே இறக்கம். தன்னைத்தானே படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, கண்ணுக்குக் குறுக்கே கோடு இழுத்துப் பார்ப்பாள். பக்கத்திலேயே பழைய படம் ஒன்றையும் திறந்துவைத்துக்கொள்வாள். கடை வாசலில் மாதிரிக்காகக் கண்ணாடிப் பெட்டியில் தொங்குகிறதே, அவளுடைய நாற்பது வயசுப் படம், அதேதான். அதில் ரெண்டு கண்ணும் தராசுத் தட்டு மாதிரி சமமாக இருந்தன.

வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் இடது கண்ணின் வீக்கம் பெரும்பாலும் இறங்கிவிட்டது. தொட்டால் மட்டும் உள்ளே கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஆனால் கோடு போட்டுப் பார்த்தால், இடது இமை வலதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. மறுநாளும் அதே மயிரிழை. அதற்கு அடுத்த நாளும் அதே. ஒரு விரல் தட்டில் திருத்திவிடக்கூடிய மயிரிழை. அந்த விரல் தட்டு தன் முகத்தில் செல்லாது என்பதை மிரேயால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வாசல் படத்தைப் பெட்டியிலிருந்து கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு குவாங்ஜு பஸ் ஏறினாள்.

"பாருங்க டாக்டர், இது என் கண்ணு. இதை இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க."

டாக்டர் பியன் படத்தை வாங்கிப் பார்த்தார். அப்புறம் அறுவைக்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைத் திரையில் போட்டார். தொங்கும் தோலுக்கு அடியில் அங்கேயும் இடது கண் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிந்தது.

"அப்பவே இடது பக்கம் இறக்கம்தாம்மா. நான் தோலைத்தான் குறைச்சேன்."

"உங்க விளக்கு சரியில்ல" என்றாள் மிரே. "பக்கத்துலேர்ந்து அடிக்குது. இடது பக்கம் நிழல் விழுந்திருக்கு. முப்பது வருஷமா இதைத்தானே பண்றேன், எனக்குத் தெரியாதா?"

டாக்டர் சண்டைக்கு வரவில்லை. "உள்ள இன்னும் கெட்டியா இருக்கு பாருங்க, அது ஆறணும். அது மேல இப்பக் கத்தி வெச்சா தோல் பத்தாமப் போயிடும். கண்ணு முழுசா மூடாது. தண்ணி வடியும், காஞ்சு எரியும். பொறுங்கம்மா. ஆறு மாசம் ஆகட்டும், நீங்க சொன்னா நானே பண்ணித் தரேன்."

மிரே படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்ஸிலேயே போனை எடுத்து சியோலில் ஓர் ஆஸ்பத்திரியைப் பிடித்தாள். ரொம்ப இனிமையான குரலில் ஒரு பெண் பேசினாள். உடனே திருத்திவிடலாம், எத்தனையோ பேர் இப்படித்தான் வருகிறார்கள் என்றாள். அம்மாவின் திதிக்கு அடுத்த நாள் காலை ரயிலுக்கு மிரே டிக்கெட் எடுத்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அதைச் சொன்னதும் தல்சு கரண்டியைக் கீழே வைத்தான்.

"எதுக்கு மறுபடியும்?"

"கோணலா இருக்கு."

"எங்க?"

"இங்க. கண்ணைத் தொறந்து பாருங்க."

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தான். "எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு."

"எப்பவும் போலவா? அப்ப முப்பது வருஷமா என் மூஞ்சியைப் பார்த்ததே இல்லைன்னு சொல்லுங்க."

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்தான். "கண்ணு மூடலைன்னா என்ன பண்ணுவே? நீ முழிச்சுக்கிட்டே தூங்கினா பக்கத்துல நான் எப்படித் தூங்கறது?" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் விளையாட்டை விட்டுவிட்டான். "காமிரா பிடிக்கிற கண்ணு, மிரே. காஞ்சு போச்சுன்னா கடையைச் சாத்திட்டு உட்கார வேண்டியதுதான்."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் டிக்கெட்டை ரத்து பண்ணாமல் இருந்தாள். சிலர் பயம் வந்தால் நிற்பார்கள், சிலர் இன்னும் வேகமாக நடப்பார்கள்.

திதிக்கு அவளுடைய அக்கா கும்ரே, தான் வாழ்க்கைப்பட்ட தீவிலிருந்து மதியக் கப்பலில் வந்து இறங்கினாள். கூடப்பிறந்த ஆண்கள் இல்லாத வீடு. அம்மா போனதிலிருந்து திதியை மிரேயின் வீட்டில் அக்காவும் தங்கையுமே நடத்துகிறார்கள். அக்காவின் புருஷனுக்கு உப்பளத்தில் வேலை. அக்கா வந்தால் ஒரு தோளில் பூண்டுக் கட்டும் இன்னொரு கையில் உப்பு மூட்டையும் இல்லாமல் வரமாட்டாள். கண் அறுவை விஷயத்தை மிரே அவளிடம் மூச்சுவிடவில்லை. போனில் ஒருமுறை பேச்சுவாக்கில் இமை தொங்குவதைச் சொன்னதற்கே, "எனக்கும்தான் தொங்குது, கிளிப் போட்டுக் கட்டிக்கிட்டா திரியறேன்" என்று எரிந்து விழுந்தவள் அவள்.

ஆகவே மிரே கறுப்புக் கண்ணாடியோடு அடுப்படியில் நின்றாள். மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகையில் கண்ணாடி மங்கி, எது வெந்தது எது வேகவில்லை என்றே தெரியவில்லை. புளிக்கவைத்த திருக்கை மீனின் காரமான வாடை வீடு முழுக்க நின்றது. அந்த வாடை இல்லாமல் அம்மாவுக்குப் படையல் வைத்தால் அம்மா உள்ளேயே வரமாட்டாள் என்பது அக்காவின் தீர்மானம்.

அக்கா மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது, வீட்டுக்குள்ள கறுப்புக் கண்ணாடி? மீன் பொரிக்கிறியா, வெல்டிங் பண்றியா?"

"கண்ணு வலி, அக்கா."

"வலிக்கிற கண்ணைக் காட்டு."

"சொன்னாக் கேளு, ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். கூடப்பிறந்ததே ஒட்டிக்கிச்சு, இது ஒட்டினா என்ன?" என்று சொல்லி, பூண்டு மணக்கும் கையால் கண்ணாடியைப் பிடுங்கிவிட்டாள்.

மிரே திட்டுக்குத் தயாராக நின்றாள். திட்டு வரவில்லை. அக்கா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாணலியில் மீன் கருகுகிற வாடை வந்தது. பக்கத்தில் நின்ற தல்சுதான் எட்டி அடுப்பை அணைத்தான்.

"அம்மா கண்ணுடி" என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. "அந்த எடது கண்ணு. அம்மாவுக்கு அப்படியே இருக்கும். எதாவது குறும்பு பேசறதுக்கு முன்னால அந்தக் கண்ணு லேசா இறங்கும். நீ எங்கேர்ந்துடி எடுத்துக்கிட்டு வந்தே?"

"உளறாதேக்கா. வீக்கம் இது. டாக்டர் கெடுத்துட்டான். நாளைக்குச் சியோல் போய்ச் சரி பண்ணிக்கப் போறேன்."

"சரி பண்றியா?"

"அம்மாவுக்கு எங்க இறங்கியிருந்துச்சு? நீயே பாரு." மிரே கரண்டியாலேயே கூடத்தைக் காட்டினாள். படையல் மேஜைக்குப் பின்னால் அம்மாவின் படம் வைத்திருந்தது. ரெண்டு கண்ணும் சமமாக, கண்ணியமாக, நேர்ப்பார்வையாகப் பார்த்தபடி அம்மா.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதைக் காட்டாதே என்கிட்ட. அது நீ பண்ணின அம்மா."

மிரேவுக்குச் சட்டென்று புரியவில்லை.

"சாவு வீட்டுல படம் வைக்கணும்னு கேட்டாங்க. நீ ஓடிப்போய் ஒரு படத்தை ரெடி பண்ணி எடுத்துக்கிட்டு வந்தே. கன்னத்துத் தழும்பு இல்ல, கண்ணு கோணல் இல்ல, யாரோ பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி. இது அம்மா மாதிரி இல்லையேடின்னு அப்பவே சொன்னேன். உன் காதுல விழல. வர்றவங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டே இருந்தே. சரி, அழுதுக்கிட்டு இருக்கா, விடுன்னு விட்டேன்." அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னையிலிருந்து வருஷா வருஷம் கப்பல் ஏறி வந்து, முன்ன பின்ன தெரியாத ஒரு பொம்பளைக்கு விழுந்து கும்பிட்டுட்டுப் போறேன்டி."

மிரே கீழே இறங்கி ஸ்டூடியோவுக்குப் போனாள். விளக்குப் போடாமலேயே கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவள் எதையும் அழிக்கிறவள் இல்லை. திருத்தாத மூலப்படங்கள் எல்லாம் பெயர் வாரியாகக் கிடக்கும். அம்மாவின் பெயரை அடித்தாள்.

அம்மா பர்ஸைத் தொலைத்துவிட்டு, புது அடையாள அட்டைக்காக வந்து உட்கார்ந்த நாள் அது. இடது கன்னத்தில் அரிவாள் பட்ட பழைய தழும்பு. இடது இமை ஒரு மயிரிழை இறங்கி, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி. சொல்லத்தான் செய்தாள். அது இப்போது மிரேவுக்கு ஞாபகம் வந்தது. "ரொம்ப அழகாக்கிடாதே. அப்புறம் மேல போனா அங்க உங்கப்பனுக்கு என்னை அடையாளம் தெரியாமப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மிரேயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திருத்தினாள். அம்மா போன அன்றைக்கு அந்தத் திருத்திய படத்தை எடுத்து இன்னும் திருத்தினாள். அம்மாவுக்கு அவளால் செய்ய முடிந்த கடைசி வேலை அதுதான் என்று, மயிரிழைகூட விடாமல் செய்தாள். பிறகு அவள் பார்த்ததெல்லாம் அந்தப் படத்தைத்தான். பார்த்துப் பார்த்து, அம்மாவின் முகம் அதுவாகவே ஆகிவிட்டது.

அடுத்து தன் பெயரை அடித்தாள். வாசல் படத்தின் மூலப்படம் வந்தது. நாற்பது வயசு மிரே, திருத்துவதற்கு முன்னால். இடது இமை ஒரு மயிரிழை இறக்கம். டாக்டரின் விளக்கில் ஒரு குற்றமும் இல்லை. எப்பவும் போலத்தான் இருக்கு என்று தல்சு சொன்னதும் பொய் இல்லை. தொங்கும் தோல் இத்தனை நாள் மூடிவைத்திருந்த கண்ணைத்தான் டாக்டர் திறந்துவிட்டிருக்கிறார். அந்தக் கண் நேராக இல்லை, அம்மாவுடையதாக இருக்கிறது.

மிரே இருட்டில் உட்கார்ந்து அழுதாள். தையல் ஆறின இமைக்கு அழுகை நல்லதில்லை, மறுபடி வீங்கும் என்று தெரியும். வீங்கட்டும் என்று அழுதாள்.

பிறகு எழுந்து விளக்கைப் போட்டாள். அம்மாவின் மூலப்படத்தை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பினாள். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு முகத்தின்மேல் விரலை வைக்காமல் அனுப்பினாள். காய்ந்ததும் மாடிக்குக் கொண்டுபோய், சட்டத்திலிருந்து பழைய படத்தை எடுத்துவிட்டு இதை மாட்டினாள். தல்சு மெழுகுவத்தியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பொழுது சாய்ந்ததும் ஊதுவத்தி ஏற்றினார்கள். கோப்பையில் அரிசி மது ஊற்றிவைத்தார்கள். மூத்தவள் என்பதால் அக்கா முதலில் போய் நின்றாள். கைகளை நெற்றிக்கு நேராகச் சேர்த்து, மண்டியிடக் குனிந்தவள் பாதியிலேயே நின்று படத்தைப் பார்த்தாள்.

"வந்துட்டியாம்மா" என்றாள். "எங்கம்மா போயிருந்தே இத்தனை நாளு?"

தரையில் நெற்றி வைத்தவள் வெகுநேரம் எழவில்லை. மிரேயும் பக்கத்தில் போய் விழுந்தாள்.

படையலை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா திருக்கைத் துண்டு ஒன்றைத் தங்கையின் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கு எத்தனை மணிக்கு ரயிலு?"

"போகல" என்றாள் மிரே.

"பின்ன?"

"ஆறு மாசம் ஆகட்டும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

தல்சு அவளுக்கு எட்டாத இடத்தில் இருந்த மீன் தட்டை நகர்த்தி அவள் பக்கம் வைத்தான்.

மறுநாள் காலையில் இடது கண் பழையபடி கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. உப்புப் போட்ட திருக்கையும் அழுகையும் சேர்ந்தால் வேறென்ன ஆகும். மிரே கீழே போனாள், கடையைத் திறந்தாள், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவில்லை. வீக்கம் அதன் போக்கில் இறங்கியது. ஏறியது, இறங்கியது. மழைக்காலம் வந்து போயிற்று. ஊரெல்லாம் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடும் நேரத்தில், உள்ளே இருந்த கெட்டியும் கரைந்து, என்ன இருக்குமோ அது இருந்தது. இடது இமை ஒரு மயிரிழை இறக்கம். சூவொன் அம்மா முட்டைக்கோசுக்கு மசாலா தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "ஷட்டர் இவ்வளவுதான் ஏறும்போல, அக்கா."

"இவ்வளவு போதும், காத்து வரட்டும்" என்றாள் மிரே.

டாக்டர் பியன் கடைசியாகப் பார்த்துவிட்டு, சொன்ன சொல் தவறாதவராக, "இப்பப் பண்ணலாம். எடது பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சூவொன் அம்மா கடையிலிருந்து கொண்டுபோன டப்பா கிம்ச்சியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். டப்பா கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை மட்டும் நேராக்கிவிட்டுத்தான் வந்தாள்.

இதனால் மிரே திருந்திவிட்டாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கும் அவள் எல்லார் கண்ணையும் மட்டம் பார்த்துத்தான் கொடுக்கிறாள். பாஸ்போர்ட்டுக்கு வருகிறவன் அதற்குத்தானே வருகிறான். வயசானவர்கள் தங்கள் சாவுக்கு வைக்கவேண்டிய படத்தை முன்கூட்டியே எடுத்துவைக்க வருவார்கள். அந்தப் படங்களுக்கு மட்டும் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, அவர்களுடைய மகனுக்கோ மகளுக்கோ போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"உங்க அம்மாவுக்கு எந்தக் கண்ணுங்க சின்னது?"

சிலர் சிரிக்கிறார்கள். சிலர் எதற்கு என்று கேட்கிறார்கள். ஆனால் கேட்ட மாத்திரத்தில் பதில் வந்துவிடுகிறது. வலது, இடது, இல்லை இல்லை சிரிச்சா மட்டும் இடது. அந்தக் கண்ணை மிரே தொடுவதில்லை. தெரியாது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.